காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு

கிரானிலிருந்து ரெண்டு பஸ் ஏறி, நாலாவது அசிட் போத்தலுக்கும் வந்து நின்றாள் சுலோஜனா. ஹிதாயாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

ஹிதாயா, காத்தான்குடியில் ஒரு அழகுப்பொருள் கடையில் விற்பனைக்கு நிற்பவள். முகத்தின் மேல்தோலை உரித்து மினுக்கும் அசிட்டை லேசில் யாருக்கும் கொடுக்கமாட்டாள். முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தன் கையாலேயே தடவிச் சோதிப்பாள். பிறகு மூன்று நாளும் கடைக்கு வந்து காட்ட வேண்டும். நம்முடைய கறுத்த தோலில் சிவந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, விரல் வைத்துத்தான் சூடு பார்க்க வேண்டும் என்பாள். அதற்குப் பிறகும் கிழமைக்கு ரெண்டு தரம்தான், பகலில் சன் கிரீம் கட்டாயம்.

போன வருடம் ஒரு பிள்ளை அவசரப்பட்டுப் பூசி, கன்னமெல்லாம் கருந்திட்டாகி அழுதுகொண்டு வந்ததிலிருந்து இந்தப் பிடிவாதம்.

சுலோஜனா அலுக்காமல் வந்தாள். ஒரு மாதம் கிளைகோலிக் அசிட், அடுத்த மாதம் லக்டிக், பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள். ஹிதாயா கேட்கும் முன்பே கொண்டையை ஒதுக்கிக் காதைத் திருப்பிவிடுவாள். ஐம்பத்தைந்து வயதில் யாருக்கு மினுக்கவாம் என்று கடைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மினுங்கினால்தானே! கன்னத்து மங்கு அப்படியே இருந்தது.

"ஊருக்குள்ள புள்ளையளுக்கு விக்கிறா போல" என்றார் முதலாளி நிஸ்தார்.

ஹிதாயா கையிலிருந்த போத்தலைக் கீழே வைத்தாள். சோதிக்காமல் பூசி இன்னொரு பிள்ளையின் முகம் வெந்துபோனால்? அந்தப் பழி யார் தலையில் விழும்?

அன்று அவள் சுலோஜனாவின் காதைத் தொடவில்லை. வாங்கிய மூன்று போத்தலையும் நாளைக்குக் கொண்டுவந்து காட்டினால்தான் மற்றக் கதை என்று முகத்தில் அடித்தமாதிரிச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

இனி வரமாட்டாள் என்றுதான் ஹிதாயா நினைத்தாள். அடுத்த நாள் பத்து மணிக்கே சுலோஜனா வந்து, மூன்று போத்தலையும் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

ஒன்றின் சீல்கூட உடைபடவில்லை.

ஹிதாயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஒரு சொட்டும் பூசல்லியா அக்கா? மறுகா என்னத்துக்கு ரெண்டு பஸ் ஏறி இஞ்ச வாறீங்க?"

களவு பிடிபட்டவள்போல் சுலோஜனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவர் செத்து ஆறு வருசம், மகள். பிள்ள குட்டியும் இல்ல" என்றாள். "இந்த ஆறு வருசத்தில என்னத் தொட்ட ஒரே ஆள் நீதான்."