ஏழாவது கை

"தூக்குங்கய்யா அந்தாளை! வரிசையா தோத்துக்கிட்டே இருந்தா அவன் மேனேஜரா, மண்ணாங்கட்டியா?" டயர்க்கடைக்காரர் மேசையில் குத்திய குத்தில் டீ டம்ளர்கள் துள்ளின.

"பந்து வந்தா கோல்கீப்பர் கும்பிட்டு வழி விடுறான். அதுக்கு மேனேஜர் என்னய்யா பண்ணுவாரு?" என்று எகிறினார் பல் டாக்டர்.

கால்பந்து கிளப்பின் கமிட்டியில் ஏழு பேர். மேனேஜரை நீக்கச் சொல்லி மூன்று கை, வேண்டாமென்று மூன்று கை. மிச்சம் செயலாளர் அக்கா. ஆறிப்போன டீயையே பார்த்துக்கொண்டிருந்தவள், நீக்கச் சொல்லிக் கையை உயர்த்தினாள்.

"நீங்களாம்மா?" டயர்க்கடைக்காரரே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

அக்கா தீர்மானத்தை நோட்டில் எழுதி மூடிவிட்டு வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவையும் கரண்டிகளையும் ஆட்டக்காரர்களாக நிறுத்தி நகர்த்திக்கொண்டிருந்தார் அவள் புருஷன். தோல்வி தொடங்கியதிலிருந்து அவர் பேச்செல்லாம் அவற்றோடுதான்.

"என்ன முடிவாச்சு?" நிமிராமலே கேட்டார்.

"உங்களை நீக்கியாச்சு. கடைசிக் கை என்னோடது. இனிமேலாவது இந்த மேசையில ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்."

"ம்" என்ற மேனேஜர், உப்பு டப்பாவை ஒரு கரண்டி தள்ளி நகர்த்தினார்.

மறுவாரமே, இவர்களைவிட அதிகமாகத் தோற்கும் பக்கத்து ஊர் கிளப் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. உப்பு டப்பாவோடு அங்கேயே குடிபோய்விட்டார். இங்கே மேசை சுத்தமாகக் காலி. அக்கா அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவது எதிர்வீட்டு ஜன்னலுக்கு நன்றாகத் தெரிகிறது.