முள்

ஏரியைத் தூர்த்துப் போட்ட புதுச் சாலையில், கருவியின் முள்ளையே பார்த்தபடி குந்தியிருந்தாள் பொறியாளர் செண்பகவல்லி. கல் ஏற்றிய லாரி வந்தால் சாலை மயிரிழை அமுங்கும், போனதும் எழும். முள் அதைக் காட்டும். அவள் கையெழுத்துப் போட்டால் நாளை மறுநாள் திறப்பு.

லாரி கடந்துபோய் நூறடி தள்ளி நின்றது. முள் பூஜ்யத்துக்குத் திரும்பியது. பிறகு மெல்ல மறுபடி இறங்கத் தொடங்கியது.

"சேவியர் அண்ணே, வண்டிய நகத்தாதீங்க."

"நகத்தலயே மேடம். சாவி என் கையில இருக்கு."

சாலையில் வேறு யாரும் இல்லை. அவள் கருவியின் கால்களைத் தொட்டுப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தாருக்குக் கீழே ஜல்லி, ஜல்லிக்குக் கீழே கொட்டிய மண், அதற்கும் கீழே ஏரியின் பழைய சேறு. எல்லாம் சேர்ந்து அமுங்கிக்கொண்டிருந்தன, கனமான ஏதோ ஒன்று நிதானமாக நெருங்கி வருவதைப் போல. முள் லாரியின் அளவைத் தாண்டி, அதன் இரண்டு மடங்கில் போய் நின்றது. நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

செண்பகவல்லி தன்னையறியாமல் எழுந்து ஓரமாக ஒதுங்கினாள். முள் ஏறத் தொடங்கியது.

"யாருக்கு மேடம் வழி விடுறீங்க?" என்றார் சேவியர், லாரியிலிருந்து எட்டிப் பார்த்து.