இறங்காத பிரஷர்

"இங்க வர்றதுக்கு முன்னாடி வீட்ல ஏதாவது மாத்திரை கொடுத்தீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லைங்க" என்றாள் பெயின்டரின் மனைவி. வாய் தன்பாட்டுக்குப் பொய் சொல்லிவிட்டது.

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்த மனிதருக்குத் திடீரென்று வாய் கோணி, வலது கை தொங்கிவிட்டது. வீட்டு மெஷினில் பார்த்தால் பிரஷர் நூற்றுத் தொண்ணூறு. அவள் என்னதான் செய்வாள்? தினமும் ஒன்று கொடுக்கும் பிரஷர் மாத்திரையை அன்றைக்கு இரண்டாக விழுங்க வைத்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸையே கூப்பிட்டாள்.

நல்லவேளை, கொடுக்காமல் இருந்தீர்கள் என்றார் டாக்டர். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. இந்த நேரத்தில் பிரஷர் கொஞ்சம் ஏறியிருந்தால்தான் அடைப்பைச் சுற்றியுள்ள இடத்துக்கு ரத்தம் போய்ச் சேருமாம். அதனால் இப்போதைக்குக் குறைக்கப் போவதில்லை.

"சில பேர் பதறிப்போய் வீட்லயே மாத்திரையைக் கொடுத்துடுறாங்க. சட்டுனு பிரஷர் இறங்கிட்டா, பிழைக்க வேண்டிய மூளையும் சேர்ந்து போயிடும்."

டாக்டர் நகர்ந்ததும் அவள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷனை நானே முடக்கிப் போட்டுவிட்டேனே என்று அழுதாள். நர்ஸ் திட்டவில்லை. டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிரஷர் பார்க்க ஆரம்பித்தாள்.

நூற்றுத் தொண்ணூறு. நூற்று எண்பத்தெட்டு. மறுபடியும் நூற்றுத் தொண்ணூறு. மதியமாகியும் இறங்குகிற வழியாக இல்லை. மெஷின்மேல் சந்தேகப்பட்டு வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். அதுவும் அதையேதான் சொன்னது.

மாத்திரையை ஒழுங்காகப் போடுவாரா என்று டாக்டர் விசாரித்தார். ஒரு நாள் தவறாமல் என் கையால் எடுத்துக் கொடுத்து, தொண்டையில் இறங்கும்வரை நின்று பார்ப்பேன் என்று அவள் அழுகைக்கு நடுவிலும் பெருமையாகச் சொன்னாள். டாக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பெயின்டர் இடது கையை அசைத்து மனைவியைப் பக்கத்தில் கூப்பிட்டார். பேச்சு குழறினாலும் புரிகிற மாதிரி இருந்தது.

"அழாத. அது இறங்காது. அந்த மாத்திரைய போட்டா ஏணி மேல தலை சுத்துதுன்னு, ஆறு மாசம் முன்னாடியே டப்பாவுல வைட்டமின் மாத்திரைய போட்டு வச்சுட்டேன்."