ரேடியோ கேட்டது

"ஃபோன் இல்லாம நான் மேல நிக்க மாட்டேன்" என்று ரேடியோ சொன்னதும் கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அண்ணிக்கு வரவில்லை.

ரேடியோ அவளுடைய நாத்தனார். வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் அது. காலையில் திறக்கிற வாய் தூங்கும்போதுதான் மூடும். பல் தேய்க்கும்போதுகூடப் பேசுகிற ஆள்.

அண்ணி அப்போதுதான் கடலுக்குள் மூழ்கி வேலை செய்யும் டைவர் பயிற்சியை முடித்திருந்தாள். படகுகளின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுவது, தண்ணீருக்குள் சங்கிலி மாட்டுவது, அந்த மாதிரி வேலை. மேலே கம்ப்ரெஸர் ஓடும்; நீளமான ஓஸ் வழியாகக் கீழே காற்று வரும். முதுகில் இருக்கும் சிலிண்டர் ஆபத்துக்கு மட்டும். மேலே நின்று காற்றையும் ஓஸையும் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஒரு ஆள் வேண்டும்.

அவள் கணவனுக்குப் படகைப் பார்த்தாலே குமட்டும். அவன் தங்கையோ ஐஸ் ஃபேக்டரியில் எட்டு வருஷம் கம்ப்ரெஸர் ஓட்டியவள். வேறு யாரைக் கூப்பிடுவது?

கம்ப்ரெஸரை ரேடியோதான் தேர்ந்தெடுத்தாள். கடையிலிருந்த இரண்டையும் ஓடவிட்டு, காற்று வரும் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றில் துணி லேசாக மஞ்சளானது.

"இது எண்ணெய் கக்குது. எங்க அண்ணி என்ன, எண்ணெயையா மூச்சு இழுக்கணும்? எடுங்க அந்தப் பக்கம்!"

அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. ஹெல்மெட்டில்தான் தகராறு.

தலையை முழுசாக மூடும் மஞ்சள் ஹெல்மெட் ஒன்று அலமாரியில் இருந்தது. பயிற்சி ஆரம்பித்த நாளிலிருந்து அண்ணி அதன் மேல் கண் வைத்திருந்தாள். அதை வாங்கினால், மேலே இருப்பவரும் தண்ணீருக்குள் இருப்பவரும் பேசிக்கொள்கிற டைவர் ஃபோனுக்குப் பணம் மிச்சமிருக்காது. ஃபோன் வாங்கினால் முகத்தை மட்டும் மூடுகிற மாஸ்க்கோடு திருப்திப்பட வேண்டும்.

"கயிறு இருக்கேடி. ஒரு தடவை இழுத்தா நல்லா இருக்கேன்னு அர்த்தம். நாலு தடவை இழுத்தா மேல தூக்கு. இது போதாதா?"

"போதாது அண்ணி."

"தண்ணிக்கு அடியிலயாவது என்னை நிம்மதியா இருக்க விடேன்."

கடைக்காரர் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

"அப்போ அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க. வாந்தி எடுத்துக்கிட்டே கம்ப்ரெஸரைப் பார்த்துக்குவான்."

ஃபோன் வந்தது. ஹெல்மெட் அலமாரியிலேயே இருந்துவிட்டது.

"உன் தங்கச்சிக்குப் பேச ஆள் வேணுமாம். அதுக்கு என் ஹெல்மெட் பலி" என்று வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் பொரிந்து தள்ளினாள்.

"அவளைப் பத்தித் தெரியாதா? விடு" என்றான் அவன்.

அடுத்த வாரமே முதல் வேலை கிடைத்தது. துறைமுகத்தில் கட்டியிருந்த ஒரு இழுவைப் படகின் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்ய வேண்டும்.

இறங்கும்போதே அண்ணி மனதைத் திடப்படுத்திக்கொண்டாள். எப்படியும் பக்கத்து வீட்டுக் கதையில் ஆரம்பித்து, அரசியல் வரைக்கும் வரும். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஐந்து நிமிஷம் ஆனது. பத்து நிமிஷம் ஆனது. காதில் ஒரு சத்தமும் இல்லை.

"ரேடியோ, இருக்கியா?"

"இருக்கேன் அண்ணி."

அவ்வளவுதான். மறுபடியும் கப்சிப்.

படகுக்காரர்களோடு அரட்டை ஆரம்பித்திருப்பாள் என்று அண்ணிக்குத் தோன்றியது. மேலே பேச ஆள் கிடைத்துவிட்டால் அண்ணி எதற்கு? பேசுவதற்கென்றே அடம்பிடித்து வாங்கிவிட்டு, இப்போது பேசவும் இல்லை. எரிச்சலில் சிப்பியை வேகவேகமாகச் சுரண்டினாள்.

படகின் பின்பக்கம் போனபோது ஓஸ் எதிலோ மாட்டியது. இழுத்தாள். வரவில்லை. பலமாக இழுத்தாள். சுரண்டிய அழுக்கெல்லாம் கலங்கி, தன் கையே தனக்குத் தெரியவில்லை. மூச்சு இரைத்தது. முதல் நாளே உதவி கேட்பதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை இழுத்தாள்.

"அண்ணி, என்ன ஆச்சு?"

அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

"ஓஸ்... ஓஸ் சிக்கிடுச்சு."

"இழுக்காதீங்க. நான் தளர்த்தி விடறேன். வந்த வழியிலேயே ஓஸைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா திரும்புங்க."

சுக்கானின் இடுக்கில் மாட்டியிருந்தது. இரண்டு நிமிஷத்தில் விடுபட்டது. மீதி வேலையையும் முடித்துவிட்டு அண்ணி மேலே வந்தாள்.

ரேடியோ, ஃபோன் பெட்டியின் மேல் கவிழ்ந்தாற்போல் உட்கார்ந்திருந்தாள். அருகே யாரோ வைத்த டீ ஆடை படிந்து ஆறிக் கிடந்தது.

"இந்தப் பொண்ணுக்குப் பேச வராதோன்னு நெனச்சேம்மா" என்றார் படகின் டிரைவர். "முக்கால் மணி நேரமா என்ன கேட்டாலும், பேசாதீங்கன்னு கையைக் காட்டுது. வாயே திறக்கல."

அண்ணி மாஸ்க்கைக் கழற்றினாள். "ஏண்டி, பேசணும்னுதானே அந்த ஃபோனை வாங்கின? அப்புறம் ஏன் பேசல?"

"இதுல ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான் கேட்கும் அண்ணி. பட்டனை அழுத்தி நான் பேசினா, நீங்க மூச்சு விடுற சத்தம் எனக்குக் கேட்காதே!"