வயரை அறுத்தது யார்?

"மறுபடியும் அறுத்துட்டான், ராஜி. இதோட மூணாவது தடவை."

வேங்கடசுப்ரமணியன் கேரவனின் போனட்டுக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். நேற்று மாலை மாற்றிய புது வயர் துண்டு துண்டாகக் கிடந்தது.

"யாரா இருக்கும்?" என்றாள் ராஜலக்ஷ்மி.

"வேற யாரு, கீழ்வீட்டு மாதவ்தான். புகை வரது, சத்தம் தாங்கலைன்னு பில்டிங் சொஸைட்டியில கம்ப்ளெயின்ட் கொடுத்தவன் அவன்தானே. நேத்து கையில கட்டிங் பிளேயரோட இந்தப் பக்கமே நின்னுண்டிருந்தான்."

"பார்க்காம யார் மேலயும் பழி போடாதீங்கோ."

ரிடையரானதும் அவர் வாங்கிய பழைய வேன் அது. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. இன்ஜினுக்குத்தான் இருபத்திரண்டு வயது. ஆறு மாதமாகச் செம்பூர் பில்டிங் காம்பவுண்டிலேயே நிறுத்தி, யூடியூப் பார்த்துப் பார்த்து டீசல் பம்ப்பை மாற்றினார், ரேடியேட்டரை மாற்றினார். இன்ஜின் ஓடியதும் ஃப்ளாட்டை விற்றுவிட்டு, இரண்டு பேரும் வண்டியிலேயே ஊர் ஊராகப் போய் வாழ்வது என்று முடிவு. முடிவு செய்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் வருவதாக இருந்தது.

"ஏன்னா, அந்த ஃப்ளாட் விஷயமா ஒண்ணு..."

"அப்புறம் பேசலாம். முதல்ல இவனை ஒரு கை பார்க்கறேன்."

அவள் காபி போட மாடிக்குப் போய்விட்டாள். ஆபீஸுக்குக் கிளம்பிய மாதவை வழியிலேயே மறித்தார்.

"நான் எதுக்கு அங்கிள் உங்க வண்டியைத் தொடணும்? எலியா இருக்கும்."

"ஆறு மாசமா வராத எலி இந்த வாரம் மட்டும் வருமா? திங்கறதுக்கு இங்கே என்ன இருக்கு? இன்னிக்கே போலீஸுக்குப் போறேன்."

மாதவின் முகம் சுருங்கிவிட்டது. "ஒரு நிமிஷம் இருங்க, சிசிடிவி பார்த்துடலாம்" என்று வாட்ச்மேன் கேபினுக்குப் போனான். மூன்று நாள் பதிவையும் போனில் எடுத்துவந்து நீட்டினான்.

திரையில் ராஜலக்ஷ்மி. குனிந்து, வண்டியின் முன்சக்கரத்தருகே இலையில் சாதம் வைத்தாள். அவள் போனதும் நான்கு எலிகள் வந்தன. சாதத்தைத் தின்றுவிட்டு, சக்கரத்தின் வழியாக இன்ஜினுக்குள் ஏறின.

வேங்கடசுப்ரமணியனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"காக்காய்க்கு வெச்ச சாதம்ப்பா. எங்காத்துல தினம் வெச்சுட்டுத்தான் சாப்பிடுவோம். மொட்டை மாடியைப் பூட்டிட்டா போலிருக்கு, இங்கே வந்து வெச்சிருக்கா. எலி வரும்னு அவளுக்கு என்ன தெரியும், பாவம். நீ மன்னிச்சுக்கோ."

"பரவால்ல அங்கிள்." மாதவ் கொஞ்சம் தயங்கினான். "ஆனா, டைம் பாருங்க."

பார்த்தார். இரவு எட்டு நாற்பது. மூன்று நாளும் ஏறக்குறைய அதே நேரம்.

மெதுவாக மாடி ஏறினார். காபி தயாராக இருந்தது.

"ராஜி, இருட்டினப்புறம் எந்தக் காக்கா சாப்பிட வரும்?"

ராஜலக்ஷ்மி பதறவில்லை. டம்ளரை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஃப்ளாட்டை விக்க வேண்டாம்னு எத்தனையோ தடவை சொல்ல வந்தேன். இன்ஜின் சத்தத்துல உங்க காதுல விழலை. அதான், எலி காதுல போட்டு வெச்சேன்."