பெருமாளுக்குப் போகிற பூ

"மோந்து பாக்காதேம்மா. பெருமாளுக்குப் போற பூ."

மாமனாரின் குரல் கேட்டு நீரஜா தொட்டியிலிருந்து முகத்தை எடுத்தாள். கண்ணபிரான் பூக்கூடையோடு கொல்லைப் படியில் நின்றிருந்தார்.

"இது மாலைக்கான பூ இல்லை மாமா. கெமோமில். வெந்நீர்ல போட்டுக் குடிக்கறது. குடிச்சா தூக்கம் வரும்னு டாக்டரே சொன்னார்."

"இருக்கட்டும். இந்த ஆத்துல பூத்தது முதல்ல அவருக்கு. அவருக்கு ஆகாம நம்ம வாய்க்கு எதுவும் போகாது."

முப்பத்திரண்டு வருஷம் திருமலையில் பூ கட்டியவர் அவர். மலைமேல் பூக்கிற பூவெல்லாம் பெருமாளுக்குத்தான். பெண்கள் தலையில்கூட வைத்துக்கொள்வதில்லை. ஓய்வு பெற்றுக் கீழே திருப்பதிக்கு வந்தபோது அந்த வழக்கத்தையும் வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

விரிந்திருந்த பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மொட்டுகள் மட்டும் மிஞ்சிய செடிகளைப் பார்த்தபடி நீரஜா நின்றாள்.

ஆவணியில், கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில், அவள் குழந்தை போயிற்று. அன்றோடு தூக்கமும் போயிற்று. மலைக்குப் போகிற முதல் பஸ் தெருமுனையில் திரும்பும் சத்தத்தைத் தினமும் விழித்தபடியே கேட்டாள். மாத்திரை வேண்டவே வேண்டாம் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால், சித்தூரில் வேலை பார்த்து வாரக் கடைசியில் மட்டும் வரும் கணவன் வேதாந்த் இந்த விதைப் பொட்டலத்தை வாங்கி வந்தான்.

கார்த்திகையில் விதைத்த அன்று மாமியார் வஸுமதி அவள் உள்ளங்கையை உற்றுப் பார்த்தாள்.

"இதுவா விதை? மூக்குப்பொடி மாதிரின்னா இருக்கு. தும்மினாப் போச்சு."

"மேல மண்ணு போடக் கூடாதும்மா. வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும். லேசா அழுத்திவிட்டாப் போதும்."

"மூடாம ஒரு விதையா?"

நீரஜா விதைகளைத் தூவி விரல் நுனியால் அழுத்தினாள். மண்ணைப் போட்டு மூட வேண்டாத விதை என்பதாலேயே அவளுக்கு அதைப் பிடித்திருந்தது.

எட்டாம் நாள் மண்ணின் மேல் பச்சை தெரிந்தது. காலையும் மாலையும் புகை போலத் தண்ணீர் தெளித்தாள். செடிகள் கொத்தமல்லியைவிட மெல்லிய இலைவிட்டு வளர்ந்தன. தை பாதியில் முதல் பூ விரிந்தது. அன்றே கூடையோடு வந்த கண்ணபிரான், இந்த எட்டு நாளில் ஒரு காலைகூடத் தவறவில்லை.

"நீங்களாவது சொல்லக் கூடாதாம்மா? நாலு பூ எனக்கு விட்டா என்ன?" என்று இன்றைக்கு மதியம் மாமியாரிடம் கேட்டாள்.

"நானே மலையை விட்டு வந்ததுலேர்ந்து இந்தக் கொல்லையில பூவைப் பாத்துண்டு, கடையில முழம் போட்டு வாங்கித்தான் தலையில வெச்சுக்கறேன். உனக்கு மட்டும் விட்டுடுவாரா?"

வேதாந்த் போனில் கூப்பிட்டான். "நேத்து ஒன்பதரைக்கு ரெண்டு தடவை பண்ணினேன். எடுக்கவே இல்லையே நீ."

"உங்கப்பா மேல கோவம். சீக்கிரமாப் படுத்துட்டேன் போல."

"நான் பேசட்டுமா அவர்கிட்ட?"

"வேண்டாம். நானே கேட்டுக்கறேன்."

மாலை விளக்கேற்றியதும் பெருமாளுக்குப் பால் நைவேத்தியம் கண்டருளப் பண்ணுவது அந்த வீட்டு வழக்கம். கண்ணபிரானே காய்ச்சுவார். ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் மணக்கும். ஆவணிக்குப் பிறகு நீரஜா பெருமாளை நிமிர்ந்து பார்த்ததில்லை. குனிந்த தலையோடு சேவிப்பாள். மாமனார் நீட்டும் வெள்ளிக் கிண்ணத்தை வாங்கி, பாலை மூச்சுவிடாமல் குடித்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவாள்.

இன்று நிமிர்ந்து பார்த்தாள். சாளக்கிராமத்தின் மேல் துளசி. படத்துக்கு நந்தியாவட்டை மாலை. மஞ்சள் நடு வைத்த அந்த வெள்ளைப் பூவை எங்குமே காணோம்.

"என் பூவெல்லாம் எங்கே மாமா?"

"உன் பூவா?"

"சரி, அவர் பூ. ஒண்ணுகூட அவர் மேல இல்லையே."

"நாருக்கு நிக்காதும்மா அது. காம்பு மெல்லிசு. கட்டினா தலை அறுந்துடறது."

"அப்ப எதுக்குப் பறிக்கறேள்? குப்பையில போடவா? என் கைக்குப் பொழைச்சது அது ஒண்ணுதான் மாமா."

சமையலறை வாசலில் வஸுமதி அப்படியே நின்றுவிட்டாள். கண்ணபிரான் நீட்டிய கிண்ணத்தைப் பின்னுக்கு இழுக்கவில்லை.

"இன்னிக்குக் காலமே மலை பஸ் திரும்பற சத்தம் கேட்டுதா உனக்கு?"

பதில் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். இன்று கேட்கவில்லை. நேற்று? முந்தாநாள்?

"மருந்துன்னு சொல்லிக் குடுத்தா, தூக்கம் வரதா வரதான்னு பாத்துண்டே முழிச்சிண்டிருப்பே. அதான் சொல்லலை."

கிண்ணத்தை அவள் இரண்டு கைக்குள்ளும் வைத்தார்.

"எட்டு நாளா உன் பூவைப் போட்டுக் காய்ச்சின பாலைத்தான் பெருமாள் அமுது செய்யறார். அவர் மிச்சம் வெச்சதைத்தான் நீ குடிச்சிண்டிருக்கே."