சுற்றாத தட்டு

"அப்பா, தட்டைச் சுத்தி வைங்கப்பா!" மரிஃபே கெஞ்சினாள்.

மாமனார் லியாண்ட்ரோ நிமிரவே இல்லை. புளிச்சாற்றில் கிடந்த மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர்களுடைய சாப்பாட்டுக் கடை வாசலில் வேன்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். மணிலா போய்க் கப்பல் ஏற வேண்டும் அவள் கணவன் ஆர்னெல். அரைச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான். கப்பலில் சமையல் வேலை.

பந்தியில் ஒருத்தர் பாதியில் கிளம்பினால், மிச்சப்பேர் தங்கள் தட்டை இருந்த இடத்திலேயே சுற்றி வைக்க வேண்டும். அப்போதுதான் போகிறவர் பத்திரமாகப் போய்ச் சேருவார். பிலிப்பைன்ஸில், இந்தப் படாங்காஸ் பக்கம் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. மரிஃபே சுற்றிவிட்டாள், மாமியார் ஒன்யாங்கும் சுற்றிவிட்டாள். இந்த மனுஷர் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை.

"எல்லாம் மூடநம்பிக்கை. வேனுக்கு பிரேக் இருந்தா போதும்."

"நேத்து பூனை குறுக்க வந்துச்சுன்னு சந்தைக்குப் போகாம திரும்பினது யாராம்?" என்றாள் மாமியார்.

"அது பூனை. இது தட்டு."

ஆர்னெல் குனிந்து, ஆசிக்காக அப்பாவின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைக்கப் போனான். அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"கையெல்லாம் மீன் நாத்தம். போ, போ. சொந்த அடுப்பை விட்டுட்டு ஊரான் கப்பலுக்கு ஆக்கிப்போடப் போறவனுக்கு என் ஆசி எதுக்கு?"

ஆர்னெலின் முகம் செத்துப்போனது. "புயல் காலம்டி, பயமா இருக்கு. எப்படியாவது அப்பாவைச் சுத்த வச்சிடு" என்று மனைவியின் காதில் சொல்லிவிட்டு வேனில் ஏறினான்.

வேன் போய்விட்டது. அந்தத் தட்டு அசையவில்லை. பெற்ற பிள்ளை கடலுக்குப் போகிறான், இவருக்கு வீம்பு பெரிதாகிவிட்டதே!

லியாண்ட்ரோ எழுந்தார். கை கழுவினார். துணியை எடுத்துக்கொண்டு மேசை துடைக்கப் போனார். மதிய நேரம், கடை நிறையக் கூட்டம்.

"அட, இன்னும் சாப்பிட்டு முடிக்கல பெரியவரே!" ஆட்டோக்காரர் அலறினார்.

"மேசை ஈரம். கையை எடு."

தட்டைத் தூக்கினார், துடைத்தார், வைத்தார். அடுத்த மேசைக்குப் போனார்.

அங்கே இருந்த டீச்சரம்மா பதறினாள். "இந்தப் பக்கம் இருந்த கறி அந்தப் பக்கம் போயிடுச்சே!"

"உனக்கென்ன கையா குட்டை? எட்டி எடும்மா."

கடை முழுக்கச் சிரிப்பு. மரிஃபேவுக்கு மட்டும் ஆத்திரம் தாங்கவில்லை. மகன்மேல் உள்ள கோபத்தைச் சாப்பிட வந்தவர்களிடம் காட்டுகிறாரே, இனி எவன் இந்தக் கடைக்கு வருவான்? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று பின்னாலேயே போனாள்.

போனவள் நின்றுவிட்டாள்.

ஒரு மேசையிலும் ஈரமில்லை. மனுஷர் ஒவ்வொரு தட்டாகச் சுற்றி வைத்துக்கொண்டு போனார். கடைசியில் தன் மேசைக்கு வந்து, ஆறிப்போன தன் தட்டையும் சுற்றினார்.

"மூடநம்பிக்கைன்னு சொன்னீங்களேப்பா?" என்றாள் அவள்.

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வேனுக்கு உங்க ரெண்டு தட்டு போதும்மா. கடல் ரொம்பப் பெருசாச்சே!"